ஓடி விளையாண்டது நீ

போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். தெற்குச் சித்திரை வீதியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாயங்கால வெளிச்சம், கருங்கல் பதித்த தரை, பின்னால் தெற்குக் கோபுரம். கீழே 'நாம் ஓடி விளையாடிய பூமி' என்று ஒரு வரி. ஐந்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து பதில் வந்தது: "ஓடி விளையாண்டது நீ. நான் வரிசையில நின்னேன்."

எந்த வரிசை என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் ஓடி விளையாடியதைக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

தெற்கு மாசி வீதியிலிருந்து பத்துத் தூண் பக்கம் திரும்பினால் ஒரு சந்து. அதற்குள் ஒரு காம்பவுண்டு. வெளியூர்க்காரர்கள் மதில் சுவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வாசல், நடுவில் நீளமான நடை, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓர் அறையும் அடுப்படியுமாக வீடுகள். எங்களுடையதில் பதினொரு குடித்தனம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. நான் 1976இல் ஒன்றாம் வகுப்பு. அப்புறம் பன்னிரண்டு வருஷமும் நடைதான். பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போன நாள் ஒன்றுகூட நினைவில் இல்லை.

பத்துத் தூண் என்பது திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்ததில் மிஞ்சிய பத்துக் கல் தூண்கள். இன்றைக்கு மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோமே, அது பழைய அரண்மனையில் ஒரு சிறு பங்குதான். மிச்சத்தின் மேல் தெருக்கள் வந்துவிட்டன, அந்தத் தெருக்களில் நாங்கள் வந்துவிட்டோம். எங்களுக்கு அந்தத் தூண்களில் ஒன்று கிரிக்கெட் ஸ்டம்ப். அவ்வளவு உயரமான ஸ்டம்ப்பை வைத்துக்கொண்டு எவனாலும் அவுட் ஆகாமல் தப்ப முடியாது. அதனால் முட்டிக்கு மேலே பட்டால் அவுட் இல்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். யாருடைய முட்டி என்பதில்தான் தினமும் சண்டை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி மூக்கால் தெரியும். தெற்கு மாசி வீதியில் கஞ்சி போட்ட புதுத்துணி வாசம். விளக்குத்தூண் தாண்டிக் கீழமாசி வீதிக்குள் நுழைந்தால் மல்லி, மஞ்சள், மிளகாய் வத்தல். மூட்டை இறக்குகிற நேரமாகப் பார்த்துத்தான் நாங்கள் அதைக் கடப்போம். தும்மிக்கொண்டே வகுப்பில் போய் உட்கார்ந்தால், "கீழமாசி வீதி வழியாத்தான வந்த?" என்பார் வாத்தியார். சாயங்காலம் திரும்பும்போது முக்கில் பருத்திப்பால் வண்டி நிற்கும். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கிற அந்த வாசம் எனக்கு இன்றைக்கும் வீட்டுப்பாடத்தைத்தான் நினைவுபடுத்துகிறது. வீட்டுக்குப் போய் எழுத உட்கார வேண்டுமே.

மதுரைப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற ஒரு நோய் உண்டு. கோயிலுக்குள் ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. தாமரைப் பூவைப்போல அடுக்கு என்பார்கள். எனக்கு அதுதான் பஞ்சாங்கம். இரண்டாம் வகுப்பில் தமிழ் மாதங்களைச் சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று "ஆடி, சித்திரை, ஆவணி, மாசி, வெளி" என்று முடித்துவிட்டேன். வாத்தியார் அடிக்கப் பிரம்பை எடுத்தவர், சிரிப்பு தாங்காமல் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு மட்டும்தான் வைத்தார். மற்ற நாளெல்லாம் அடிதான். அந்த அடியால்தான் நான் ஆளானேன் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு அடியால் வந்தது கணக்கின் மேல் பயம் ஒன்றுதான்.

மேலமாசி வீதியில் காந்தி தங்கிய மாடி இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு இடுப்புத் துணியோடு அவர் வெளியே வந்தது அங்கிருந்துதான். ஏழைகளுக்காக என்று பாடத்தில் போட்டிருந்தது. மதுரை வெயிலுக்காக என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பள்ளிக்கூடக் காலத்தின் தலைநகரம் என்றால் புதுமண்டபம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டியது. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெயர் மட்டும் புது. உள்ளே தூண் தூணாக யாளி, நாயக்க ராஜாக்கள், கல்யாணக் கோலத்தில் மீனாட்சி. தூணுக்குத் தூண் நடுவே தையல் மெஷின், பாத்திரக்கடை, வளையல் கடை, புத்தகக்கடை. ஜூன் பிறந்தால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவோம். போன வருஷப் பாடப்புத்தகங்களைப் போட்டுவிட்டு இந்த வருஷத்துக்கான பழைய புத்தகங்களை வாங்குவோம். அட்டை இருந்தால் ஒரு விலை, கிழிந்திருந்தால் ஒரு விலை. முன்பு படித்தவன் விடை எழுதி வைத்திருந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். எனக்கோ அதுதான் வேண்டும். அப்பாவுக்கும் அதுதான் வேண்டும், வேறு காரணத்துக்காக.

பக்கத்திலேயே தையல்காரர். காக்கி டிராயருக்கு அளவெடுக்கும்போது, "வளர்ற பையன்தான?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நான்கு விரல் சேர்த்துக் குறித்துக்கொள்வார். அந்த நான்கு விரலை மடித்துத் தைத்திருப்பார். வருஷா வருஷம் அம்மா ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் பட்டையாக இருக்கும். அந்தப் பட்டையை எண்ணினால் டிராயரின் வயசு தெரியும், மரத்தில் வளையம் எண்ணுவதுபோல. தைத்து முடிகிற வரைக்கும் நான் கல் யானை கரும்பு தின்னும் சிற்பத்தின் பக்கத்தில் நிற்பேன். சித்திரை மாதம் வந்தால் அதே மெஷின்களில் அழகர் திருவிழாவுக்கான வேஷ உடுப்புகள் தைப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் ஜரிகையும் மலைபோல் கிடக்கும், யாளியின் வாயிலிருந்து நாலு குஞ்சம் தொங்கும்.

அதை அடுத்து எழுகடல் தெரு. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை நீராடுவதற்காகச் சொக்கநாதர் ஏழு கடலையும் வரவழைத்த தெப்பம் அங்கே இருந்தது. இப்போது கடை கட்டடம் இருக்கிறது. ஏழு கடலையும் வரவழைத்த ஊரில் எங்கள் காம்பவுண்டுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு.

சரி, அக்காவின் வரிசைக்கு வருகிறேன்.

பதினொரு குடித்தனத்துக்கும் மூன்று கக்கூஸ். நடையின் கடைசியில், சுவரை ஒட்டி. மூன்றில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆம்பளைகளும் பையன்களும் காலை ஆறு மணிக்கு மேல் போகலாம், வெளிச்சம் பற்றிக் கவலையில்லை, முடியாவிட்டால் வைகைப் பக்கம் நடந்துவிடலாம். பொம்பளைகள் வெளிச்சம் வருவதற்குள் போய் வந்துவிட வேண்டும். அக்கா நாலு மணிக்கு எழுந்து வாளியோடு நிற்பாள். அதற்கு முன்னால் இரண்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்க அம்மாவோடு எழுந்திருப்பாள். நான் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தேன். மதுரை தூங்கா நகரம் என்று நான் பெருமையாக எழுதுவதற்கெல்லாம் அக்கா ஏன் லைக் போடுவதில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

சித்திரைத் திருவிழா வந்தால் எனக்குக் கொண்டாட்டம். தேர் மாசி வீதியில்தான் வரும். நம் வாசலுக்கு மீனாட்சியே வருகிற மாதிரி. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குவார். அதனால் கம்பம், அருப்புக்கோட்டை, மானாமதுரை என்று எல்லாத் திசையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து எங்கள் ஒற்றை அறையில் படுப்பார்கள். எல்லாருக்கும் பானகம், நீர்மோர், சிரிப்பு. அந்த மூன்று கக்கூஸ் அப்போதும் மூன்றுதான். "திருவிழா நாளுல நான் முந்தின நாளு மத்தியானத்துல இருந்தே சாப்பிட மாட்டேன். நீ கவனிச்சியா?" என்று கேட்டாள். கவனிக்கவில்லை. அக்காவின் பங்கு வடையையும் சேர்த்துத் தின்றது நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் சொன்னாள். பத்துத் தூண் அவளுக்கு ஸ்டம்ப் கிடையாது, எல்லை. அதைத் தாண்டித் தனியாகப் போகக்கூடாது என்று எட்டாம் வகுப்பில் அப்பா சொல்லிவிட்டார். புதுமண்டபத்துக்குள் அவள் போனதெல்லாம் அம்மாவோடு, வளையல் வாங்க. கல் யானையை முதன்முதலாக நின்று பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம்.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பழைய மதுரை அழிகிறது என்று புலம்புகிற எங்களில் முக்கால்வாசிப் பேர், அதை விட்டு வெளியேறியவர்கள். எங்களை யாரும் துரத்தவில்லை. தண்ணீருக்காகவும் கக்கூஸுக்காகவும் வெளியேறினோம். 1989இல் அப்பா ஊருக்கு வெளியே ஒன்றரை சென்ட்டில் வீடு கட்டியபோது முதலில் எழுப்பியது கழிப்பறைச் சுவரைத்தான். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு குடித்தனமாகக் கிளம்பியது. காலியான வீடுகள் ஜவுளி குடோன் ஆயின, லாட்ஜ் ஆயின. குடோனுக்குக் கழிப்பறை தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை, வாடகையும் கூட வரும். வீட்டுக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

புதுமண்டபக் கடைகள் போனதற்கும் நான் அழமாட்டேன். 2018 பிப்ரவரி 2 ராத்திரி கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் தீப்பிடித்து எரிந்ததற்கு அப்புறம், சிற்பத்துக்கு நடுவே துணி மூட்டையை வைக்கலாம் என்று யார் வாதாட முடியும்? கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. யாளிகளுக்குக் கொஞ்சம் காற்று கிடைக்கட்டும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சித்திரை வீதியில் கருங்கல் பதித்தாயிற்று. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் கார்களுக்கு அடுக்குமாடி எழுப்பியாயிற்று. வந்து போகிற காருக்கு இடம் பார்த்தவர்கள், இருந்து போன குடும்பத்துக்கு என்ன பார்த்தார்கள்? நாலு மாசி வீதிக்குள் இருக்கிற காம்பவுண்டுகளுக்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை, பகலில் தண்ணீர், தெருவுக்கு ஒழுங்கான சாக்கடை என்று யாராவது திட்டம் போட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை.

விளக்குத்தூண் யாருக்காக நட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். 1840களில் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். நிலத்தை அளந்த மாரட் என்பவரின் பெயரில் ஒரு வீதி, இடிப்பு வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரில் ஒரு வீதி, ஆக ஊர் கொஞ்சம் அகலமாயிற்று. நெருக்கத்தில் கிடந்த ஜனங்களுக்குக் குடியிருக்க மனை கிடைத்தது. அதற்கு நன்றியாக ஊரார் விளக்கு ஏற்றி வைத்தார்கள். கோட்டைச் சுவர் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் குடியிருக்க இடம் கொடுத்தவனுக்குத் தூண் நட்ட ஊர் இது. கருங்கல் பதித்ததற்கு யாரும் நடப்போவதில்லை.

எங்கள் சந்தில் இன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளை ஒன்றுகூட வராது. நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அக்காவும் கூட நின்றாள். வாட்ஸ்அப் சண்டை முற்றி, "வா, நேர்லயே காட்டுறேன்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனது அவள்தான்.

எங்கள் காம்பவுண்டு இப்போது முழுக்க ஜவுளி குடோன். நடை அப்படியே இருக்கிறது. இருபக்கமும் கதவுகளைப் பிடுங்கிவிட்டு ரேக் அடித்திருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டு வாசற்படியைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா நேராக நடையின் கடைசிக்குப் போய்விட்டாள். அங்கே சுவரோரம் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பையன் ஸ்டூலில் உட்கார்ந்து பண்டல் எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.

"இங்கதாண்டா," என்றாள் அக்கா. "வாளியக் கீழ வச்சிட்டு, பதினாறாம் வாய்ப்பாட்ட இங்க நின்னுதான் மனப்பாடம் பண்ணேன். ஒரு தடவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு ஆளு வெளிய வரும்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். நோட்டைப் பார்த்தான். "அக்கா, ஒரு பண்டலுக்குப் பதினாறு. எட்டு பண்டலுக்கு?"

"நூத்தி இருபத்தெட்டு," என்றாள் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.