வாயைக் கட்டினால் வயிறு நகருமா?

பந்தியில் காயை ஒதுக்கிவிட்டுச் சாதம் கேட்டதற்கு, சுகர்காரியான என்னை வாயைக் கட்டத் தெரியாதவள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் மாமா. அதை அன்றோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "மாமா சொன்னதில் என்ன தப்பு?" என்று இங்கேயே நாலு பேர் வந்து கேட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

எனக்கு இருப்பது அஜீரணம் இல்லை, வாய்வு இல்லை. நரம்புப் பழுது. பல வருடம் சர்க்கரை ஏறியே கிடந்தால் பாதம் மரத்துப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே சர்க்கரை இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பையும் விடாது. அப்புறம் இரைப்பை சோற்றைக் கீழே தள்ளாமல் வைத்துக்கொண்டே கிடக்கும். கேஸ்ட்ரோபாரெசிஸ் என்று பெயர். நாலு வாயிலேயே வயிறு முட்டிவிடும். மதியம் தின்ற பீன்ஸ் ராத்திரி பத்து மணிக்கு பீன்ஸாகவே வாந்தியில் வெளியே வரும். அதைக் கழுவிவிட்டவள் நான்.

இரண்டு வருடம் கேஸ் மாத்திரையிலேயே ஓட்டினார் ஒரு டாக்டர். அடுத்தவர்தான் கதிரியக்க மருந்து கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கடைசியில் அந்த உணவில் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் தங்கினாலே கோளாறாம். எனக்கு 32.

இதில் ஊசி வேறு. இன்சுலின் தன் வேலையை ஆரம்பித்துவிடும், சோறு இன்னும் இரைப்பையை விட்டே கிளம்பியிருக்காது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சுகர் 58, கை நடுங்கும். நடுராத்திரியில் 300. "சாப்பிட்டவளுக்கு எப்படிச் சுகர் இறங்கும்? நடிப்பு" என்று என் வீட்டிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது பந்திக்கு வருகிறேன். அவியலையும் பொரியலையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதம் கேட்டேன். "காயை ஒதுக்கிட்டுச் சோத்தை வாங்குறா பாரு, வாயைக் கட்டத் தெரியாதவ" என்றார் மாமா, வரிசை முழுக்கக் கேட்க. மற்ற சுகர்காரர்களுக்குக் காயும் கம்பும் நல்லதுதான், மறுக்கவில்லை. என் வயிற்றில் நாரும் எண்ணெயும் போனால் அங்கேயே கட்டி உட்கார்ந்துவிடும். குழைந்த சாதம், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை. என் டாக்டர் எழுதிக்கொடுத்ததே அதுதான். இதில் வாயைக் கட்டுவது எங்கே வந்தது?

"ஆரம்பத்திலேயே கட்டுப்பாடாக இருந்திருந்தால்?" சரி. இரண்டு பிரசவத்துக்கு நடுவில் சுகர் மாத்திரையை விட்டு விட்டுத்தான் போட்டேன். ஒத்துக்கொள்கிறேன். அதற்காகச் சாகும்வரை ஒவ்வொரு இலையிலும் கணக்குக் கேட்பீர்களா? வாயைக் கட்டினால் செத்த நரம்பு எழுந்து வருமா?

"பாசத்தில் சொன்னார்." பாசம்தான். அதே மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது சிகரெட்டைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி தரையில் படுத்திருந்தவள் நான். ஆம்பளைக்கு நெஞ்சில் வந்தால் நோய், பொம்பளைக்கு வயிற்றில் வந்தால் நாக்கு ருசி, இல்லையா?

அடுத்த மாதம் வளைகாப்புக்குக் கட்டாயம் வந்து சாப்பிட்டுப் போகணும் என்று அத்தை போன் செய்தாள். வருகிறேன் அத்தை. சாதம் டப்பாவில் கொண்டுவந்துவிடுவேன். மாமாவை மட்டும் வேறு பந்தியில் உட்கார வை.