வெள்ளத்தில் இறப்பர் செருப்பு காப்பாற்றாது

“மழைநீர் தூய நீர், அது மின்சாரத்தைக் கடத்தாது, இறப்பர் செருப்பு போட்டிருந்தால் அறுந்த கம்பிக்கு அருகிலும் நடக்கலாம்” என்று ஒரு செய்தி மட்டக்களப்பில் கைபேசிகளில் சுற்றுகிறது. தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

தூய நீர் மிகச் சொற்பமாகவே கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆய்வுகூடத்துப் போத்தலில் இருக்கும் நீர். மாரியில் நம் ஒழுங்கைகளில் நிற்கும் வெள்ளம் மண்ணின் உப்புகளையும் வயல் உரத்தையும் கழிவுகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வாவியோரங்களில் உவர்நீரும் கலக்கிறது. கரைந்த உப்புகள் அயன்களாக, அதாவது மின்னேற்றமுள்ள நுண்துகள்களாகப் பிரிகின்றன. நீரில் மின்னைச் சுமப்பவை அவையே.

செருப்பு? முழங்கால் அளவு நீரில் அது பாதத்தின் கீழே மட்டும்தான் இருக்கிறது. தோலை நீர் நேரடியாகத் தொடுகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்றே கொல்லப் போதும். தெருவோர உயரழுத்தக் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ற்று இருக்கிறது. அறுந்த கம்பியிலிருந்து விலக விலக நிலத்தின் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போவதால், அகல வைத்த இரு கால்களும் வெவ்வேறு அழுத்தத்தில் நின்று, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடலினூடாக மின் பாயலாம். கம்பியைத் தொட வேண்டியதே இல்லை.

ஊரில் மின்சாரம் நின்றிருந்தாலும் கிட்டப் போகாதீர்கள். வழங்கல் எந்த நொடியும் திரும்பலாம். விலகி நின்று, மற்றவர்களையும் மறித்து, மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள்.