சீனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஹூகோவைப் பற்றிப் பேசுங்கள்

சீன அரசு ஒவ்வொரு குடிமகனுக்கும் மார்க் போடுகிறதாம். சிக்னலை மீறினால் மார்க் குறையுமாம், குறைந்தால் ரயிலில் ஏற முடியாதாம். இப்படிச் சொல்லும் காணொளியை யாராவது ஒருவர் பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். 2018 அக்டோபரில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ் ஓர் உரையில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். நாடு முழுவதற்குமாக அப்படி ஒரு தனிநபர் மதிப்பெண் சீனாவில் கிடையாது. மூன்று தனித்தனி விஷயங்களைக் குழப்பிப் பிசைந்து உருவான கதை அது.

ஒன்று, உச்ச மக்கள் நீதிமன்றம் 2013-ல் தொடங்கிய கடன் ஏய்ப்போர் பட்டியல். கட்டும் வசதி இருந்தும் நீதிமன்றத் தீர்ப்புப்படி பணம் கட்டாதவர்களின் பெயர் இதில் ஏறும். ஏறினால் விமானம், அதிவேக ரயில், நட்சத்திர விடுதி எல்லாம் கிடையாது. பிள்ளையைக் கட்டணம் அதிகமான தனியார் பள்ளியில் சேர்க்கவும் முடியாது. கடுமையான தண்டனைதான், ஆனால் அங்கே மார்க் என்று எதுவும் இல்லை. இரண்டாவது, பணம் செலுத்தும் அலிபே செயலியோடு 2015-ல் வந்த 'செசமி கிரெடிட்'. 350 முதல் 950 வரை போகும் இது ஒரு தனியார் நிறுவனத்தின் கடன் மதிப்பீடு. மூன்றாவது, ஷான்டோங் மாகாணத்தின் ரோங்செங் போன்ற சில ஊர்கள் நடத்திய சோதனைத் திட்டம். அங்கே ஆளுக்கு 1000 புள்ளி கொடுத்து ஏற்றி இறக்கினார்கள். அதை நாடு முழுக்க விரிக்கவில்லை.

கண்காணிப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கேமராக்கள் உண்டு, இணையத் தணிக்கை உண்டு, ஷின்ஜியாங்கில் உய்குர் மக்களுக்கு நடந்தது உண்டு. அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் இல்லாத மதிப்பெண்ணுக்குச் செலவிட்ட கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட உலகம் ஹூகோ என்ற பதிவு முறைக்குச் செலவிடவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். கோடிக்கணக்கான சீனர்களின் படிப்பையும் மருத்துவத்தையும் முதுமையையும் தீர்மானிப்பது அதுதான்.

ஹூகோ என்பது குடும்பப் பதிவு. 1958 ஜனவரியில் சட்டமானது. கருஞ்சிவப்பு அட்டை போட்ட சிறு ஏடு, அந்தப் பகுதிக் காவல் நிலையம் கொடுப்பது. முதல் பக்கம் குடும்பத்துக்கு. அடுத்து ஆளுக்கு ஒரு பக்கம். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த இடம், பூர்வீகம், எந்த இனம், படிப்பு, திருமண நிலை, எங்கிருந்து எப்போது இங்கே வந்தார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். பெற்றோரின் ஹூகோ எங்கேயோ அங்கேதான் குழந்தையின் ஹூகோவும்; பிறந்த மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 1998 வரை தாயின் ஹூகோ மட்டுமே கணக்கு. பிறகுதான் தந்தையுடையதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது.

முன்பு 'விவசாய', 'விவசாயமல்லாத' என்று இரண்டு வகை இருந்தது. 2014-ல் அரசவை, அதாவது சீனாவின் மத்திய அமைச்சரவை, அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. உடனே 'ஹூகோ ஒழிந்தது' என்று வெளியே எழுதினார்கள். ஒழிந்தது வகையின் பெயர் மட்டும்தான். எந்த ஊரில் பதிவோ அந்த ஊரில்தான் முழு உரிமை என்ற விதி அப்படியே நிற்கிறது. 2020 கணக்கெடுப்பில் பதிவூரை விட்டு வெளியே வாழ்ந்தவர்கள் 37.6 கோடிப் பேர். ஷென்ஜென் நகரில் வாழ்ந்த 1 கோடியே 75 லட்சம் பேரில் உள்ளூர் ஹூகோ வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்த வானுயரக் கட்டடங்களைப் படம் பிடித்து வியக்கிறவர்களும் சரி, திட்டுகிறவர்களும் சரி, இந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

மார்க் போட்டு மனிதரை அளப்பதைப் பார்க்க வேண்டுமா? வெளியூராருக்கு ஹூகோ கொடுக்க பெய்ஜிங் 2018 முதல் நடத்தும் புள்ளி முறையைப் பாருங்கள். விண்ணப்பிக்கவே பெய்ஜிங் வசிப்பிட அட்டை வேண்டும், ஓய்வு வயதைத் தொட்டிருக்கக் கூடாது, தொடர்ந்து 7 ஆண்டு சமூகக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும், குற்றப் பதிவு கூடாது. பிறகு புள்ளி: காப்பீடு கட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 3, சொந்த வீட்டில் இருந்த ஆண்டுக்கு 1, வாடகை வீடென்றால் 0.5, இளநிலைப் பட்டத்துக்கு 15, முதுநிலைக்கு 26, முனைவர் பட்டத்துக்கு 37, 45 வயதுக்குள் இருந்தால் 20.

ஒரு பட்டதாரி, வயது 35, ஏழு ஆண்டாக வாடகை வீட்டில் இருக்கிறார் என்று வையுங்கள். 21, 3.5, 15, 20 சேர்த்து 59.5. முதல் ஆண்டில் ஹூகோ கிடைத்த 6,019 பேரில் கடைசி ஆளின் புள்ளி 90.75. சில ஆண்டுகளிலேயே அது 100-ஐத் தாண்டிவிட்டது. பட்டதாரிக்கே இந்தக் கதி. கட்டட வேலைக்காரருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் படிப்புப் புள்ளி சுழியம். பெரும்பாலும் முதலாளி காப்பீடே கட்டியிருக்க மாட்டார் என்பதால் அவர்களால் வாசலைக்கூட நெருங்க முடியாது. நகரத்தைக் கட்டியவர்களும் கூட்டிப் பெருக்கியவர்களும் காப்பீட்டு நிபந்தனையிலேயே கழிந்துபோகும்படி அமைந்த முறை இது. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மிகப் பெரிய அடி பிள்ளைகளுக்கு. பெய்ஜிங்கில் வெளியூர்ப் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கப் பல ஆண்டுகள் 'ஐந்து சான்றுகள்' கேட்டார்கள்: வசிப்பிட அட்டை, வீட்டுச் சான்று, வேலைச் சான்று, குடும்பம் முழுவதற்குமான ஹூகோ ஏடு, சொந்த ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற சான்று. கேட்க எளிது. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாவிட்டால் வீட்டுச் சான்று இல்லை. தெருவோரம் கடை போட்டவருக்கு வேலைச் சான்று தர யாருமில்லை. ஊரில் தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால் ஐந்தாவது சான்றிலேயே சிக்கல். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

எல்லாம் கிடைத்துச் சேர்ந்தாலும் உயர்நிலைப் பள்ளி வாசலில் அடுத்த சுவர். கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவை ஹூகோ உள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்பது அடிப்படை விதி. பெற்றோரோடு வந்த பிள்ளைகளுக்குப் பல மாகாணங்கள் நிபந்தனையோடு வழி திறந்தன. பெய்ஜிங் தொழிற்கல்விக் கல்லூரிக்கான தேர்வை மட்டும் திறந்தது. ஆகவே ஹெனான் மாகாணத்திலிருந்து வந்த குடும்பம், பெய்ஜிங்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையைப் பதினான்கு பதினைந்து வயதில் ஹெனானுக்கு அனுப்புகிறது. அங்கே வினாத்தாள் வேறு, போட்டி வேறு. 2024-ல் ஹெனானில் காவ்காவுக்குப் பதிந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். பெய்ஜிங்கில் 70,000-க்கும் கீழ். சீனாவின் முதல் வரிசைப் பல்கலைக்கழகங்கள் எனப்படும் 39-ல் 8 பெய்ஜிங்கில் இருக்கின்றன. ஹெனானில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாகாணவாரியாக இடம் ஒதுக்குகிறது. உள்ளூருக்குக் கை தாராளம்.

கூடவே அழைத்துச் செல்ல முடியாத பிள்ளைகள் கிராமத்தில் தங்கிவிடுகிறார்கள். 2013-ல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு சொன்ன எண்ணிக்கை 6.1 கோடி. 2016-ல் குடிமை விவகார அமைச்சகம் சொன்னது 90.2 லட்சம். மூன்றே ஆண்டில் ஐந்து கோடிப் பிள்ளைகளின் பெற்றோர் வீடு திரும்பிவிடவில்லை. முதல் கணக்கில் 18 வயதுக்குள், பெற்றோரில் ஒருவர் வெளியூரில் இருந்தாலும் சேர்த்தி. இரண்டாவதில் 16 வயதுக்குள், இருவருமே வெளியூரில் இருக்க வேண்டும், அல்லது வீட்டில் இருக்கும் ஒருவர் பார்த்துக்கொள்ள இயலாதவராக இருக்க வேண்டும். சீனப் புள்ளிவிவரத்தை 'எல்லாம் பொய்' என்று ஒதுக்குகிறவர்களும் அப்படியே விழுங்குகிறவர்களும் வரையறையைப் படிப்பதில்லை.

இதை மாற்றச் சொல்லி சீனர்களே போராடியிருக்கிறார்கள். 2003 மார்ச்சில் குவாங்ஜோ நகரில் சுன் ஜிகாங் என்ற இளம் பட்டதாரி தற்காலிக வசிப்பிட அட்டை கையில் இல்லாததால் பிடிக்கப்பட்டு, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். உள்ளூர் நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது, சட்ட அறிஞர்கள் மனு கொடுத்தார்கள், ஜூனிலேயே வெளியூராரைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் முறையை அரசு கைவிட்டது. அங்கே மக்கள் வாய் திறப்பதே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த மூன்று மாதத்தைப் படிக்க வேண்டும். 2017 நவம்பரில் பெய்ஜிங் டாஷிங் பகுதித் தீ விபத்தில் 19 பேர் இறந்ததும், பாதுகாப்பு என்ற பெயரில் தொழிலாளர்களைக் கடுங்குளிரில் வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். அப்போதும் பெய்ஜிங் அறிவுஜீவிகள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

அப்படியென்றால் ஏன் ஒழிக்கவில்லை? கட்சி கட்டுப்பாட்டை விரும்புகிறது என்பது பாதி பதில். மீதிப் பாதி பணம். 1994 வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வருவாயில் பெரும்பங்கு மத்திக்குப் போனது. பள்ளி, மருத்துவம் ஆகியவற்றின் செலவு உள்ளாட்சித் தலையில் நின்றது. புதிதாக ஒருவருக்கு ஹூகோ கொடுத்தால் அந்தச் செலவை ஏற்க வேண்டியது நகராட்சி. வெளியூராரின் உழைப்பை வாங்கிக்கொண்டு செலவை அவருடைய சொந்த ஊருக்குத் தள்ளுவதுதான் எந்த மேயருக்கும் லாபம். மறுபக்கம், சிறு நகரங்கள் கதவைத் திறந்துவைத்தும் பல கிராமத்தார் போகத் தயங்குகிறார்கள். ஊர் ஹூகோவோடு குத்தகை நிலமும் வீட்டுமனையும் ஒட்டியிருக்கின்றன. வேலை போனால் திரும்பிப் போய் நிற்க இருக்கும் ஒரே இடம் அது. 2024-ல் கிராமத்து முதியோருக்கான அடிப்படை ஓய்வூதியத்தின் தேசியக் குறைந்தபட்சம் மாதம் 123 யுவான். நகரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் சராசரி 3,000 யுவானுக்கு மேல். 123 யுவானை நம்பி நிலத்தை யார் விடுவார்?

2024 ஜூலையில் அரசவை ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது: நகரவாசிகளின் விகிதத்தை 70 சதவீதத்துக்கு அருகே கொண்டுபோவதாம். செய்திகளில் அந்த 70 தான் தலைப்பானது. அது நகரத்தில் வசிப்பவர்களின் கணக்கு, 2023-லேயே 66.16. நகர ஹூகோ உள்ளவர்களின் விகிதம் அதே ஆண்டில் 48.3 மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் சுமார் 25 கோடிப் பேர். திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணைத்தான் ஆண்டுதோறும் தேடிப் பிடிக்க வேண்டும்.