டீ ஊத்துறவன்தானே என்று கேட்ட தம்பிக்கு

இன்று காலை கண்ணைத் திறந்ததும் ஆளாளுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருந்தார்கள். ‘ரசிகர்களை விரட்டியடித்த ஷூட்டிங் ஊழியர், எவ்வளவு திமிர் பாருங்கள்’ என்று மேலே எழுதி, பின்னால் சோகமாக ஒரு இசையை ஓடவிட்டிருக்கிறார்கள். சில நொடிதான். அதில் தெரிவது ஒரு கை, போன் கேமராவை மறைக்கிற கை. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்றும் தெரியும். பத்தடி தள்ளி வாக்கி டாக்கியோடு நின்ற உதவி இயக்குநர் நான்தான். கீழே வந்திருக்கிற கமெண்ட்டுகளைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ‘நாங்க டிக்கெட் எடுக்கிறதாலதான்டா உன் பொழப்பு ஓடுது’ என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். அதற்கு வரிசையாக லைக்.

சரி, வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு தெரு. ஹீரோ பெரிய வீட்டு முகப்பிலிருந்து இறங்கி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, தெருவில் நிற்கும் காரில் ஏற வேண்டும். வெட்டு இல்லாமல் ஒரே ஷாட், அதுவும் லைவ் சவுண்ட். டப்பிங் படம் என்றால் தெருவில் யார் கத்தினாலும் பிறகு ஸ்டூடியோவில் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம், சமாளித்துவிடுவோம். லைவ் சவுண்டில் ஒரு விசில் விழுந்தால் அந்த டேக் போச்சு. எதிர் வீட்டு நிழல் வேறு திண்ணையை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நிழல் ஏறிவிட்டால் அன்றைக்கு அந்த ஷாட் கிடையாது. மறுநாள் அதே வீடு, அதே கால்ஷீட், அதே வாடகை, எல்லாம் முதலிலிருந்து.

தெரு முனையில் கயிறு பிடிக்க ஆள் போதவில்லை. நாங்கள் எல்லாரும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளோடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தோம். டீ கொடுத்துக்கொண்டிருந்த புரொடக்‌ஷன் அண்ணனைக் கூப்பிட்டு, ‘அண்ணே, கொஞ்ச நேரம் அந்த முனையைப் பாத்துக்கங்க’ என்றோம். அது அவர் வேலையே இல்லை. ஐம்பதைத் தாண்டிய மனுஷர், ஒரு வார்த்தை பேசாமல் பிளாஸ்க்கையும் பேப்பர் கப் அடுக்கையும் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் நின்றார்.

முதல் டேக். ஹீரோ வாசற்படியில் கால் வைத்ததும் முனையிலிருந்து ‘தலைவாஆஆ’ என்று ஒரு குரல், கூடவே விசில். கட். அண்ணன் அந்தத் தம்பியிடம் போனார். நான் காதால் கேட்டேன், ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன்: ‘தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க. ஷாட் முடிஞ்சதும் நானே மேனேஜர்கிட்டச் சொல்லி போட்டோ எடுக்க வைக்கிறேன்.’ தம்பி தலையாட்டினான்.

இரண்டாவது டேக். அப்பாவிடம் பேச வேண்டிய வரியில் ஹீரோ பாதி வந்திருப்பார், தம்பியின் கூட்டாளி பைக்கை ஸ்டார்ட் பண்ணி முறுக்கினான். வீட்டுக்குப் போக இல்லை. சும்மா, தாங்கள் வந்திருப்பதை ஹீரோவுக்குத் தெரியப்படுத்த! கட். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் மறுபடி போனார், மறுபடி அதே ‘தம்பி’, அதே தணிந்த குரல். கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். தன் மகன் வயதுப் பையனைப் பார்த்துக் கும்பிட்டார்.

மூன்றாவது டேக். இந்த முறை தம்பி கயிற்றுக்கு அடியில் புகுந்து, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஃபிரேமின் ஓரம் வரைக்கும் வந்துவிட்டான். ஹீரோவின் கெட்டப்பே வெளியே வரக் கூடாது என்று யூனிட்டில் எங்கள் போன் கேமராக்களுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு போட்டோ கசிந்தால் முதல் சந்தேகம் லைட்மேன் மேலும் புரொடக்‌ஷன் ஆட்கள் மேலும்தான் விழும், வேலையும் போகும். அண்ணன் ஓடிப் போய் போனுக்கு முன்னால் கையை வைத்தார். வீடியோவில் நீங்கள் பார்த்த ‘திமிர்’ அதுதான்.

வீடியோ அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நடந்தது இது.

‘கையை எடுரா.’

அண்ணன் எடுக்கவில்லை. ‘நீ யாரு, டைரக்டரா? டீ ஊத்துறவன்தானே? போய் டீ ஊத்துடா’ என்று சொல்லி நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். பிளாஸ்க் கீழே விழுந்து மூடி கழன்றது. கொதிக்கிற டீ அவர் கால் மேல் கொட்டியது. ரப்பர் செருப்புப் போட்டிருந்தார். சுற்றி நின்ற கூட்டாளிகள் சிரித்தார்கள். ஒருத்தன்கூட ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. அண்ணன் முதலில் செய்தது காலைப் பார்த்தது இல்லை. உருண்டோடிய பேப்பர் கப்புகளைக் குனிந்து பொறுக்கினார். அடுத்த டேக்கில் அவை ஃபிரேமில் தெரியும் என்று அவருக்குத் தெரியும். சினிமாவை நேசிக்கிறவர் யார் என்று அந்தத் தெருவில் அந்த நேரத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் கையைக் காட்டிச் சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்து லட்சணத்தையும் மறைக்க மாட்டேன். உடனே மைக்கில் டைரக்டரின் குரல் வந்தது: ‘அங்க யாருப்பா பாக்குறது? ஒரு முனையைப் பாத்துக்கத் தெரியாதா?’ அண்ணன் கையைத் தூக்கி ‘சாரி சார்’ என்றார். தள்ளினவன் சாரி சொல்லவில்லை, கத்தினவன் சொல்லவில்லை. வெந்த காலோடு நின்றவர் சொன்னார்.

ஷாட் எப்படியோ முடிந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவே இல்லை. அண்ணன் நொண்டிக்கொண்டே மேனேஜரிடம் போய், ‘சார், பசங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க, ஒரு போட்டோ’ என்று கேட்டார். கேட்டேவிட்டார்! கொடுத்த வாக்கு என்று நினைத்திருக்கிறார். ஹீரோ வந்தார், தோளில் கை போட்டார். தம்பி குனிந்து கும்பிட்டு, குரல் நடுங்க, ‘உங்களுக்காக உயிரையே கொடுப்பேன் சார்’ என்றான். உயிர் வேண்டாம் தம்பி. அந்த ‘சார்’ இருக்கிறதே, அதில் பாதியை அந்த மனுஷருக்குக் கொடுத்திருக்கலாம். போட்டோவை வாங்கிக்கொண்டு போய் அவர் கையைக் காட்டி வீடியோ போட்டாயே, நீயெல்லாம் என்ன பிறவி?

நீ ‘டீ ஊத்துறவன்’ என்று சொன்னவரின் ஒரு நாளைக் கேட்டுக்கொள். ஆறு மணிக்கு ஷூட்டிங் என்றால் நாலு மணிக்கெல்லாம் யூனிட் வண்டியில் இருப்பார். விடிவதற்குள் டீ, அப்புறம் இட்லி பொங்கல், பதினொரு மணிக்கு மோர், மதியம் இருநூறு பேருக்குப் பரிமாறல், சாயந்தரம் டீயும் சுண்டலும். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யார் விரதம், எந்தக் கேமரா உதவியாளர் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறார், எல்லாம் அவர் மனசில் இருக்கும். மழை வந்தால் குடை முதலில் கேமராவுக்குப் போகும், அப்புறம் ஆர்ட்டிஸ்டுக்கு. குடை பிடிக்கிறவர் நனைவார். எல்லாரும் கை கழுவிய பிறகு, பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். ஷூட்டிங் இருந்தால்தான் சம்பளம், பேட்டா. இல்லாத நாளில் இரண்டும் இல்லை. உன் தலைவர் அன்றைக்குக் குடித்த டீயும் அவர் ஊற்றியதுதான்.

படப்பிடிப்புப் பார்க்க வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வரப்பில் உட்கார்ந்து நாள் பூராவும் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு, போகும்போது யூனிட்டுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்று லைட்மேனைக் கேட்ட பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் ரசிகர்கள்தான்.

2020 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். நெய்வேலியில் விஜய் படப்பிடிப்புக்குக் கூட்டம் திரண்டு, அவர் வேன் மேல் ஏறி நின்று எடுத்த செல்ஃபி நாடு முழுக்கச் சுற்றியது. இன்றைக்கும் பலர் போனில் அந்தப் படம் இருக்கும். அதே மாதம் 19-ஆம் தேதி இரவு, சென்னைக்கு வெளியே ஈவிபி பிலிம் சிட்டியில் ஒரு பெரிய படத்தின் செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவர் உதவி இயக்குநர். மற்ற இருவரும் உதவியாளர்களாக வேலை பார்த்தவர்கள். அவர்கள் பெயரை எத்தனை ரசிகர் மன்றம் ஒரு போஸ்டரில் போட்டது? அடுத்த மாதமே கொரோனா வந்து, மார்ச் 19 முதல் படப்பிடிப்பு மொத்தமாக நின்றது. ஏறத்தாழ 25,000 உறுப்பினர்கள் இருக்கிற பெப்சி, அதாவது சினிமாத் தொழிலாளர் சம்மேளனம், தினக்கூலிக்காரர்களின் சாப்பாட்டுக்கு நடிகர்களிடம் கையேந்த வேண்டியதாயிற்று. ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார், சிலர் அரிசி மூட்டையாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு நன்றி. அந்த மூட்டைக்காக வரிசையில் நின்றவர்களில் ஒருவரைத்தான் தம்பி நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான்.

அந்த வீடியோவை ஷேர் பண்ணியவர்கள் தயவுசெய்து இப்போதே எடுத்துவிடுங்கள். அண்ணனுக்கு மகள் இருக்கிறாள், காலேஜில் படிக்கிறாள். அவள் போனுக்கும் அது போயிருக்கும்.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. தியேட்டர்க்காரர்களே, கடைசி ஷாட் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே எதற்காக லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள்? பல ஊர்களில் புரொஜெக்டரையே நிறுத்திவிடுகிறார்கள். ஓடிடியில் பார்த்தால் பெயர்களை மூலையில் சின்னக் கட்டமாக ஒதுக்கிவிட்டு, அடுத்த படத்தை ஓட்டு ஓட்டு என்று எண்ணிக்கொண்டு நிற்கிறது. தயாரிப்பு உதவியாளர்கள் பெயர் அந்த இடத்தில்தான் வருகிறது, அதுவும் கண் சிமிட்டும் நேரம். போன படத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு போயிருந்தார். பெயர் வருவதற்குள் துடைப்பத்தோடு ஆள் வந்து ‘எந்திரிங்க, எந்திரிங்க, அடுத்த ஷோவுக்கு டைம் ஆச்சு’ என்று கிளப்பிவிட்டார்களாம். டிக்கெட்டுக்கு முழுக் காசு வாங்குகிறீர்கள் இல்லையா, படத்தை முழுசாகப் போடுங்கள்.