சருகு குப்பை இல்லை

பூங்காவைச் சுத்தம் செய்யப் போகும் தன்னார்வலர் குழு முதலில் தேடுவது விளக்குமாற்றை. வேலை அங்கேயே தப்பாக ஆரம்பிக்கிறது. நடைபாதைச் சருகை ஒதுக்கத்தான் வேண்டும், நனைந்தால் வழுக்கும். மரத்தடிச் சருகை ஏன் வழித்தெடுக்க வேண்டும்? அது போனால் வெயில் நேராக மண்ணில் விழுகிறது, ஈரம் காய்கிறது, மண் இறுகுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். கொஞ்ச நாளில் வேர் வெளியே தெரியும். அப்புறம் "மரம் ஏன் வாடுது?" என்று கேள்வி வேறு.

கூட்டிக் குவித்து அடிமரத்தின் பக்கத்திலேயே தீ வைப்பதற்குப் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம். பட்டை வெந்துபோகும். சருகோடு கிடக்கும் பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து எரியும்.

பாதையில் சேர்ந்த சருகை மரத்தடியில் 2, 3 அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் சுற்றிலும் ஒரு சாண் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். மிச்சத்தை மக்கவைத்து உரமாக்க ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்தில் கம்பிவலைக் கூண்டு போதும். மூன்று பங்கு சருகு, ஒரு பங்கு பச்சைப் புல். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம். நாறினால் தண்ணீர் அதிகம், காற்று போகவில்லை என்று அர்த்தம். கிளறிவிட்டுக் காய்ந்த சருகு சேருங்கள். வாரக்கணக்கில் மக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும்.

குப்பையைப் பொறுக்கத்தான் வேண்டும், கூட்டக் கூடாது. இரண்டு கை நீள இடைவெளியில் வரிசையாக நடந்து பொறுக்குங்கள். ஆளுக்கொரு பக்கம் சிதறினால் பெரிய பாட்டில்களுக்குத்தான் போட்டி, சிகரெட் துண்டுகள் அப்படியே கிடக்கும். அந்த பில்டர் பார்க்கத்தான் பஞ்சு. உண்மையில் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். கண்ணாடிச் சில்லுக்குத் தனி வாளி. சாக்கில் போட்டால் தூக்குகிறவர் காலைக் கிழிக்கும். ஊசி கிடந்தால் இடுக்கியால் எடுத்து, திருகு மூடி உள்ள கெட்டியான டப்பாவில் போடுங்கள். ஊசிக்கு மூடி மாட்டப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில்தான் குத்தும்.

பார்த்தீனியம் என்ற களைச்செடியைப் பூக்கும் முன்பே, மழை பெய்த மறுநாள், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் அறுத்தால் திரும்பத் துளிர்க்கும். பூத்த செடி உரக்கூண்டுக்குள் போகவே கூடாது. ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும்.

வேலை முடிந்ததும் "மரங்களைக் காப்போம்" என்று பலகை எழுதி மரத்திலேயே ஆணி அடிக்கும் வழக்கமும் இருக்கிறது! கம்பியால் கட்டினாலும் கெடுதல்தான். தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கும், இலையிலிருந்து வேருக்குப் போகும் உணவு தடைப்படும். தனிக் கம்பம் நட்டு மாட்டுங்கள்.

மூட்டைகளை எந்த வண்டி, எத்தனை மணிக்கு எடுக்கும் என்று உறுதியான பிறகே தேதி குறியுங்கள். ராத்திரி முழுக்க வாசலில் கிடந்தால் நாய் கிழித்து, காலையில் குப்பை பழைய இடத்துக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு பெருங்கூட்டம் தேவையில்லை. கொசு முட்டை ஏழெட்டு நாளிலேயே கொசுவாகிவிடும் என்பதால், வாரம் தவறாமல் இரண்டு பேர் போய்த் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, புதிதாக விழுந்த கவர்களைப் பொறுக்கி வந்தால் போதும்.