ட்ரிகர் வார்னிங் மன அதிர்ச்சியைத் தடுக்குமா?

"ட்ரிகர் வார்னிங் போட்டுவிட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு எதுவும் ஆகாது, அது உளவியல் சிகிச்சையின் ஒரு பகுதி" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு. ட்ரிகர் வார்னிங் என்பது, மனதைப் பாதிக்கக்கூடிய விஷயம் வரப்போகிறது என்று முன்கூட்டியே போடும் எச்சரிக்கை.

பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள் இணையத்தில் பேசிக்கொண்ட இடங்களில்தான் இந்த வழக்கம் வேரூன்றியது. படிப்பதா, எப்போது படிப்பது என்று அவர்களே முடிவெடுக்கட்டும் என்பதே நோக்கம். 2014 வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள்வரை அது பரவியது. சிகிச்சையாக யாரும் அதை வடிவமைக்கவில்லை.

2023-இல் வெளியான தொகுப்பாய்வு 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எச்சரிக்கை, பார்த்தபின் வரும் வேதனையைக் குறைக்கவில்லை. பார்க்காமல் விலகவும் வைக்கவில்லை. பார்ப்பதற்கு முந்தைய பதற்றத்தை மட்டும் கூட்டியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: 'வரப்போகிறது' என்கிறோம், எப்படித் தாங்குவது என்று சொல்வதில்லை. மேலும், ஒருவரின் அதிர்ச்சி நினைவைக் கிளறுவது ஒரு வாசனையாகவோ குரலாகவோ இருக்கலாம். அதை எந்தப் பட்டியலும் பிடிக்காது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கான நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளில் முதன்மையானவை, தவிர்த்துவந்த நினைவை நிபுணர் துணையோடு படிப்படியாக எதிர்கொள்ள வைப்பவை.

அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. தகவலாக எழுதினால் மரியாதையான செயல்தான். 'மனதைப் பாதிக்கும்' என்ற பொத்தாம்பொதுவான வரி பயத்தை மட்டுமே தரும். "மூன்றாம் பகுதியில் தற்கொலை பற்றிய விவரணை உண்டு, அதை விட்டுவிட்டும் தொடரலாம்" என்று பொருளையும் இடத்தையும் சொல்லுங்கள். எச்சரிக்கை, அந்தப் பகுதிக்கோ படத்துக்கோ முன்பே வரட்டும். கீழே போட்டால் பயனில்லை.