கடைப் பெயரை வாங்கிவைத்து விலை பேசும் தம்பிகளுக்கு

வேலூரில் இணையதளம் செய்துகொடுக்கும் இளைஞர்கள் சிலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு கடையின் பெயரில் டொமைன், அதாவது இணைய முகவரி, காலியாக இருந்தால் உடனே பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அதே பெயரில் கடை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் விலை அனுப்புகிறார்கள். மனை வாங்கி விற்பதுபோல இதுவும் ஒரு வியாபாரம்தானே என்கிறார்கள். இல்லை. மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் நற்பெயரால் விலை ஏறுவதில்லை.

அப்படிப் போன ஒரு செய்தியைப் படித்தேன். "உங்கள் ஜவுளிக் கடைப் பெயர் டாட் காம் என்னிடம் இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஆரணியில் இதே பெயரில் இருக்கும் கடைக்குக் கொடுத்துவிடுவேன்." மூன்றே வாக்கியங்கள். முதல் வாக்கியம், அது யாருடைய பெயர் என்று தெரிந்தேதான் வாங்கினான் என்று சொல்கிறது. இரண்டாவது, செலவைவிடப் பல மடங்கு கேட்கிறான் என்று காட்டுகிறது. மூன்றாவதில் மிரட்டலின் வாடை அடிக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடி அலைய வேண்டிய சாட்சியத்தைத் தன் கைப்படவே எழுதி அனுப்பியிருக்கிறான்!

டாட் காம் முகவரிகளுக்கான தகராறு விதிகளை, உலக அளவில் இணைய முகவரிகளை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்தது. வணிகச் சின்னத்தின் (டிரேட்மார்க்) உரிமையாளருக்கோ அவருடைய போட்டியாளருக்கோ கைச்செலவுக்கு மேல் விலை வைத்து விற்பதே முதன்மை நோக்கமாகப் பதிவு செய்திருந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சான்று என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த விதியின்கீழ் முதலில் தீர்ப்பான வழக்கே இப்படிப்பட்டதுதான். அமெரிக்காவின் மல்யுத்த நிறுவனம் ஒன்றின் பெயரைப் பதிவு செய்தவர், மூன்றே நாளில் அந்த நிறுவனத்திடமே 1000 டாலர் கேட்டார். 2000 ஜனவரியில் முகவரியை அந்த நிறுவனத்துக்கே மாற்றும்படி தீர்ப்பு வந்தது. நம் டாட் இன் விதி இன்னும் கடுமையானது. கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததே அதற்குப் போதும்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லையே என்று வாதாடுவோருக்கு, 2004இல் சிஃபி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாக்கப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பதிவு பெற்ற சின்னத்தின் உரிமையாளர், தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. அவர் சென்னைக்காரராக இருந்தால், காட்பாடிப் பையன் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ரயில் ஏற வேண்டி வரலாம்.

எல்லா டொமைன் விற்பனையும் தவறு என்று நான் சொல்லவில்லை. லட்சுமி, பாலாஜி, முருகன் என்ற பெயர்களில் நம் மாவட்டத்தில் எத்தனை கடைகள்! அந்தச் சொற்களை யாரும் தனியாகக் குத்தகைக்கு எடுத்துவிட முடியாது. 'வேலூர் லாட்ஜ்' போன்ற பொதுப் பெயரை வைத்திருந்து, தேடி வருபவரிடம் விலை சொன்னால் அது நேர்மையான விற்பனை. ஆனால் ஒரே பெயருள்ள பத்துக் கடைகளுக்கு நீங்களாகவே விலை அனுப்பும்போது, அதில் ஒருவர் அந்தப் பெயரை உங்களுக்கு முன்பே வணிகச் சின்னமாகப் பதிவு செய்தவராக இருக்கலாம். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எந்தச் சரக்குக்கான பதிவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வரக் காரணம் சட்டம் மட்டுமல்ல. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் தங்குமிடத்தை செல்பேசியில்தான் தேடுகிறார்கள். ஒரு லாட்ஜின் பெயரில் இருக்கும் முகவரி போட்டிக்காரர் கைக்குப் போனால், நோயாளியின் குடும்பம் கட்டும் முன்பணம் வேறு இடத்துக்குப் போய்விடும். கேட்டால் "நான் விற்றேன், அவ்வளவுதான்" என்று விற்றவன் கைகழுவிவிடுவானா?

கடைக்காரர்களே, டொமைனை இணையதளம் செய்பவரின் பெயரில் விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் செல்பேசி எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும் தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னதுபோன்ற செய்தி வந்தால் அழித்துவிடாமல், பணமும் அனுப்பிவிடாமல், அப்படியே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.